ஷூட்டிங் கார்டின் பிழைப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்காம் படிவம் படிக்கும் என் மகன் பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஷூட்டிங் கார்டாக ஆடுகிறான். அமெரிக்க ஆட்டக்காரர் ரே ஆலனின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இதையே தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொல்கிறான். அந்த இடத்தில் ஆடுபவரின் வேலைதான் என்ன? அதில் எத்தனை காலம் நிலைக்க முடியும்?
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, காணொளியில் உங்கள் மகன் பார்ப்பது பந்து வளையத்திற்குள் விழும் கணத்தை. ஷூட்டிங் கார்டின் உழைப்பில் பெரும்பகுதியோ பந்து கைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. பாயிண்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்த, இவர் சக ஆட்டக்காரர்களின் உடலையே மறைப்பாகக் கொண்டு, தம்மைக் காப்பவரிடமிருந்து ஓடி விலகி, பந்து வந்து சேரும் நொடியில் இரு கால்களும் ஊன்றிய நிலையில் எறியத் தயாராக இருக்க வேண்டும். எதிரணியின் ஷூட்டிங் கார்டைத் துரத்தித் தடுப்பதும் இவர் பொறுப்பே.

2013 ஜூன் 18 அன்று நடந்த, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தை மகனுடன் அமர்ந்து பாருங்கள். ஆலன் ஆடிய மியாமி அணி சான் அண்டோனியோவிடம் 92-95 எனப் பின்தங்கியிருந்தது. கோப்பை வழங்கும் சடங்குக்காகத் திடலோரம் மஞ்சள் கயிறுகூட வந்துவிட்டது. மியாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து தவறி, அதைச் சக ஆட்டக்காரர் கிறிஸ் பாஷ் கைப்பற்றியபோது, வளையத்தருகே இருந்த ஆலன் காலடியைக் குனிந்து பாராமல் பின்னோக்கியே நகர்ந்து, வலது மூலையில், எறிதலுக்கு மூன்று புள்ளி தரும் கோட்டுக்கு வெளியே, அதை மிதிக்காமல் நின்று, பந்தை வாங்கி எறிந்தார். 5.2 விநாடிகள் எஞ்சியிருக்க, ஆட்டம் 95-95. கூடுதல் நேரத்தில் 103-100 என வென்ற மியாமி, ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையைப் பெற்றது. இதை அதிர்ஷ்டம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தரையில் மல்லாந்து படுத்து, எழுந்து, பின்னோக்கி ஓடி மூலைக்குப் போய் எறியும் பயிற்சியை ஆலன் பல ஆண்டுகளாகச் செய்து வந்தவர்.

அப்போது அவருக்கு வயது 37. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஆடியபின் 1996இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, மில்வாக்கி, சியாட்டில், பாஸ்டன், மியாமி என நான்கு அணிகளில் 18 பருவங்கள் நிலைத்தார். சியாட்டிலில் 2006-07 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 26.4 புள்ளிகள் எடுத்தவர், மறு பருவம் பாஸ்டனில் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் ஆகியோருடன் சேர்ந்தபின் 17.4 புள்ளிகளே எடுத்தார். ஆனால் 2008இல் முதல் கோப்பையும் அவர் கைக்கு வந்தது. பின்னர் பாஸ்டன் தர முன்வந்ததைவிடக் குறைந்த ஊதியத்திற்கு மியாமிக்குச் சென்று, மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் அமர்ந்து வாய்ப்புக்குக் காத்திருக்கவும் சம்மதித்தார். துள்ளும் வேகம் குறையும் வயதில் சிறிய பங்கை ஏற்கத் தெரிந்ததே அவருடைய ஆயுளை நீட்டியது என்பது என் கணிப்பு. அவர் விட்டுச்சென்ற 2,973 மூன்று புள்ளி எறிதல்கள் என்ற சாதனையை 2021 டிசம்பர் 14 அன்றுதான் ஸ்டீபன் கரி முறியடித்தார்.

தொழில் என்று பார்த்தால், என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 பேர் என்றால் 450 இடங்கள், அதுவும் உலகம் முழுவதற்கும் சேர்த்து. நம் மலேசியாவில் கூடைப்பந்தை மட்டுமே நம்பி வாழ்பவர்கள் மிகச் சிலரே. மகனை ஆட விடுங்கள். அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் காற்பந்துத் திடல் உண்டு, கூடைப்பந்துக்குச் சீனப்பள்ளித் திடலைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கே கோடுகள் அழிந்துவிட்டன. எங்கிருந்து எறிந்து பழகுவது?
(வாசகர், அதே வட்டாரம்)

பதில்: வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் குறியிட்டு, அங்கிருந்து கயிறு பிடித்து 6.75 மீட்டரில் மூன்று புள்ளி வளைகோடு வரையுங்கள். பக்கக் கோட்டை ஒட்டிய மூலைகளில் 6.60 மீட்டரே வரும். என்.பி.ஏ.வின் 7.24 மீட்டர் நமக்கு வேண்டாம். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறதா என்பதையும் அளந்துவிடுங்கள். தாழ்ந்த வளையத்தில் பழகிய கை, போட்டித் திடலில் தடுமாறும்.

கேள்வி: தொடர்ந்து நான்கைந்து எறிதல்கள் தவறினால் பயிற்றுநர் என்னை வெளியே உட்கார வைத்துவிடுகிறார். இது நியாயமா?
(ஐந்தாம் படிவ மாணவர்)

பதில்: தம்பி, 2010 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ஆலன் எட்டு முறை மூன்று புள்ளி எறிதலைப் போட்டார். அடுத்த ஆட்டத்தில் 13 முறை எறிந்து ஒன்றைக்கூடப் போடவில்லை. ஆயினும் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரில் அவரும் இருந்தார். கால் ஊன்றி, ஆளில்லாத இடத்திலிருந்து எறிந்து தவறியவை உங்களுடையவை என்றால், பயிற்றுநர் அவசரப்படுகிறார் என்றே சொல்வேன். கைகள் மறித்து நிற்க, சாய்ந்தபடி எறிந்தவை என்றால் அவர் செய்வது சரி. தவறியபின் தலையில் கைவைத்து நின்று, உங்கள் ஆளைத் தடுக்க ஓடாமல் இருந்தீர்களா என்பதையும் பயிற்சி முடிந்தபின் அவரிடமே தனியாகக் கேட்டுப் பாருங்கள்.