அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் அதிக ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர் யார்? அவர் எத்தனை முறை சாம்பியன்?

மைக் மார்ட்டின். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக 1980 முதல் 2019 வரை இருந்தார். மொத்தம் 2,029 வெற்றிகள். டெக்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த கரிடோ என்பவரின் 1,975 வெற்றிகள் என்ற சாதனையை 2018 மே மாதம் தாண்டினார்.

சாம்பியன் பட்டம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் கல்லூரி உலகத் தொடர் ஓமாஹா நகரில் நடக்கும். அதற்கு அணியை 17 முறை அழைத்துப் போனார். 1986-ல் இறுதிப் போட்டியில் அரிசோனாவிடம் தோல்வி. 1999-ல் மயாமியிடம் 6-5 என்று ஒரே ஓட்ட வித்தியாசத்தில் பட்டம் கைநழுவிப் போனது.

பட்டம் இல்லாததால் அவரைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஓமாஹாவில் சில நாட்கள் நன்றாக அமைந்தால் பட்டம் வரும். ஆனால் 40 பருவங்களிலும், ஒன்றுகூட விடாமல், குறைந்தது 40 வெற்றிகள் பெறுவது வேறு விஷயம். கல்லூரியில் ஆட்டக்காரர்கள் மூன்று, நான்கு ஆண்டுகளில் கிளம்பிவிடுவார்கள். திரும்பத் திரும்பப் புது அணியைக் கட்ட வேண்டும்.

அப்புறம், அவரிடம் வளர்ந்தவர்களைப் பாருங்கள். ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) வந்த பஸ்டர் போஸி அங்கேதான் கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மாறினார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் என்ற தொழில்முறை அணியுடன் 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்களை (தொழில்முறை பேஸ்பாலின் சாம்பியன் பட்டம்) வென்றார்.

மார்ட்டின் கடைசிப் பருவத்திலும் அணியை ஓமாஹா வரை கொண்டுபோய்விட்டுத்தான் ஓய்வு பெற்றார். 2024 பிப்ரவரியில் காலமானார்.