நால்வர் சொல்லும் ஒரு துக்கம்: ‘ஹே நோஸ்ட்ரடாமஸ்!’ கேள்வி பதில்

டக்ளஸ் கூப்லண்ட் 2003இல் எழுதிய இந்த நாவலைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988இல் கனடாவின் வடக்கு வான்கூவரில் ஒரு பள்ளியின் உணவுக்கூடத்துக்குள் மூன்று மாணவர்கள் துப்பாக்கிகளோடு நுழைகிறார்கள். செரில் என்ற பெண் சாகிறாள். அவளை ரகசியமாக மணந்திருந்த ஜேசன், சுட்டவர்களில் ஒருவனைக் கல்லால் எறிந்து கொன்றுவிடுகிறான். செரில், ஜேசன், பின்னாளில் அவனோடு வாழும் ஹெதர், கண்டிப்பான கிறிஸ்தவரான அவன் அப்பா ரெஜ் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு பகுதியில் பேசுகிறார்கள். முடிவையும் இங்கே பேசியிருக்கிறேன்; இன்னும் படிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இது அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த கதைதானே மேடம்? பெயரை மட்டும் மாற்றிவிட்டாரா?

இல்லை, சம்பவம் கற்பனை. ஆனால் கொலம்பைனின் நிழல் இல்லாமல் இந்த நாவலைப் படிக்க முடியாது. 1999 ஏப்ரல் 20 அன்று அங்கே 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அதன்பின் ஒரு கதை பரவியது: ஒரு மாணவியிடம் ‘கடவுளை நம்புகிறாயா’ என்று கேட்டார்கள், அவள் ஆம் என்றாள், சுட்டுவிட்டார்கள் என்று. அப்படிப் பதில் சொன்னது காயத்தோடு உயிர்பிழைத்த வேறொரு மாணவி என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. அதற்குள் இறந்த பெண் பலருக்குத் தியாகியாகிவிட்டாள்.

செரிலுக்கும் இதுதான் நடக்கிறது. கடவுளைப் பற்றி நோட்டில் அவள் கிறுக்கிய வரிகள், செத்தபின் தீர்க்கதரிசனம் ஆகிவிடுகின்றன. கர்ப்பமாக இருந்ததும், ஜேசன் மீதான ஆசையும், அவளுடைய சந்தேகங்களும் வெளியில் யாருக்கும் தேவைப்படவில்லை. அவற்றையெல்லாம் அவள் வாயாலேயே முதல் பகுதியில் கேட்டுவிடுவதால், அவளைப் புனிதவதியாக்கும் ஒவ்வொரு பேச்சும் நமக்கு வலிக்கிறது.

கேள்வி: செத்துப்போனவள் கதை சொல்வது மலிவான உத்தியாகத் தெரியவில்லையா?

எனக்கு அப்படித் தெரியவில்லை. அவள் எங்கிருந்து பேசுகிறாள் என்று ஆசிரியர் விளக்கவே இல்லை. மறுமையின் வரைபடம் எதுவும் கிடையாது. அவள் பேச்சுக்கு நடுவே, உயிரோடு இருப்பவர்களின் ஜெபங்கள் வந்து விழுகின்றன. சிலது கெஞ்சல், சிலது கோபம்.

நாவலின் கட்டமைப்பே இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நால்வரும் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். செரிலின் குரல் யாருக்கும் எட்டாது. ஜேசன் தன் அண்ணனின் இரட்டைப் பிள்ளைகளுக்கு எழுதுகிறான். என்றோ ஒரு நாள் வளர்ந்து படிப்பார்கள் என்ற கணக்கில். ஹெதர் எழுதும்போது ஜேசன் காணாமல் போய்விட்டான். ரெஜ் எழுதுவது அதே காணாமல் போன மகனுக்கு. நால்வருக்கும் பதில் வரப்போவதில்லை, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. ஜெபமும் அதுதானே? இறந்தவர்களோடு நாம் மனதுக்குள் பேசுவதும் அதுதான். நம்பிக்கையையும் துக்கத்தையும் கருத்தாக விவாதிக்காமல், யாரைப் பார்த்துப் பேசுவது என்ற ஒரே முடிவால் ஆசிரியர் இணைத்துவிட்டார். சாவுக்கு வெளியே நின்று பேசும் குரல் முதலில் வந்ததால்தான் மற்ற மூன்று குரல்களையும் அப்படிக் கேட்கப் பழகுகிறோம்.

கேள்வி: சுட்ட பையன்கள் ஏன் சுட்டார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லையே. அது குறை இல்லையா?

குறை இல்லை. கொலையாளியின் மனதைத் தோண்டுவதற்குச் செய்திகளும் நூல்களும் ஏராளம். இந்த நாவல் தன் பக்கங்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறது. எனக்கு அது சரியான தேர்வு.

கேள்வி: நான் விசுவாசி. ரெஜ் பாத்திரத்தை வைத்து ஆசிரியர் எங்களை இழிவுபடுத்துகிறாரோ என்று வருத்தமாக இருந்தது.

முதல் மூன்று பகுதிகளோடு நாவல் முடிந்திருந்தால் உங்கள் வருத்தம் முழுக்க நியாயம். ஊர் ஜேசனை முதலில் சந்தேகப்படுகிறது, அப்புறம் வீரன் என்கிறது. பெற்ற அப்பாவோ, அவன் செய்ததும் கொலைதான், அந்த நொடியில் அவன் மனதில் கொலை இருந்தது என்கிறார். வேதத்தைத் தெரிந்தவர் பேச்சுதான் அது. ஆனால் அன்று இரவு ஒரு பையனுக்கு அப்பாவிடமிருந்து தேவைப்பட்டது தீர்ப்பு அல்ல. அதற்குப்பின் பல ஆண்டுகள் அவன் வாழும் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தின் பாரம் தெரிகிறது.

ஆனால் கடைசிப் பகுதியை ஆசிரியர் ரெஜுக்கே கொடுத்திருக்கிறார். மூவர் சொல்லி நாம் வெறுத்துவிட்ட மனிதர், தன் குரலில், தன் தகப்பனிடம் பட்டதையும் தன் கடுமையையும் மகனுக்கு எழுதுகிறார். விசுவாசத்தை விட்டுவிடவில்லை, அது முக்கியம். எல்லாம் தெரியும் என்ற நிச்சயத்தை மட்டும் விட்டுவிட்டார். பைபிளில், லூக்கா 15இல் தொலைந்துபோன மகன் திரும்பி வருகிறான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். இங்கே திரும்பி வருபவர் தகப்பன். நாவலின் முகப்பில் 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தின் வசனம் இருக்கிறது: ‘நாமெல்லாரும் மறுரூபமாக்கப்படுவோம்’ என்று சொல்லும் பகுதி. நால்வரில் அது யாருக்கு அதிகம் பொருந்துகிறது என்று யோசித்தால் ரெஜ்தான் என்பேன். விசுவாசிகளை இழிவுபடுத்த நினைப்பவர் இந்தக் கடைசிப் பகுதியை எழுதியிருக்க மாட்டார்.

கேள்வி: அக்கா, என் தம்பி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்போது இதைப் படிக்கலாமா?

அவசரம் இல்லை தம்பி. உணவுக்கூடக் காட்சிகள் நேரடியாக இருக்கும், அதைவிட ஹெதரின் பகுதி கடினம். அவளுக்கும் ஜேசனுக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டுப் பேச்சை, ஆவியுலகத் தொடர்பு இருப்பதாகச் சொல்லும் ஒரு பெண் அவளிடம் திருப்பிச் சொல்கிறாள். ஹெதர் அதைப் பற்றிக்கொள்கிறாள். ஒரு வார்த்தைக்காக மனிதர்கள் எதையும் நம்பத் தயாராகும் நிலை அது. நீங்கள் அதற்கு அருகில் இருந்தால் புத்தகம் காத்திருக்கட்டும். படிக்கத் தோன்றினால் தனியாகப் படிக்காதீர்கள், பேச ஒருவர் கூட இருக்கட்டும்.

கேள்வி: நானும் பல குரலில் ஒரு நாவல் எழுதுகிறேன். இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

காலத்தைப் பிரித்திருக்கும் விதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 1988, 1999, 2002, 2003. ஒரே சம்பவத்தை நால்வர் திருப்பித் திருப்பிச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அதிலிருந்து வேறு தூரத்தில் நிற்கிறார்கள், ஹெதர் அங்கே இருந்ததே இல்லை. அளவும் சமமில்லை. ஜேசனுக்கு நிறைய இடம், ரெஜுக்கு மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் போதும்.

எடுத்துக்கொள்ளக் கூடாதது ஒன்றும் உண்டு. ஜேசனும் ஹெதரும் பல இடங்களில் ஒரே சாயலில், ஒரே சாமர்த்தியத்தோடு பேசுகிறார்கள். அங்கே ஆசிரியரின் குரல் கேட்டுவிடுகிறது. ரெஜின் நடையில் அந்தச் சிக்கல் இல்லை, விறைப்பான வேதத் தமிழ் பேசும் பெரியவரைப் போலத் தனியாக நிற்கிறார். ஒவ்வொரு பாத்திரமும் இதை எப்போது, எதற்காக, யாருக்கு எழுதுகிறது என்று எழுதத் தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள். பாதிக் குரல் அதிலேயே வந்துவிடும்.