வேலைதான் என்றவரிடம் வேலைக் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவில் அனஹைம் பக்கம் குடியிருக்கிறேன். என் பையனுக்கு எங்கள் ஊர் பேஸ்பால் அணியான ஏஞ்சல்ஸ் என்றால் உயிர். ஆட்டக்காரர் அந்தோனி ரெண்டான் அந்த அணிக்கு 24.5 கோடி டாலருக்கு வந்தவர்; பாதி நாள் களத்திலேயே இல்லை. ரசிகர் ஒருவரின் சட்டையைப் பிடித்தார். ‘பேஸ்பால் எனக்கு வேலை, அவ்வளவுதான்’ என்கிறார். நாம் டிக்கெட் வாங்கும் காசில் சாப்பிட்டுக்கொண்டு இவ்வளவு திமிரா? ஆட்டத்தின் மேல் அன்பே இல்லாதவருக்கு எதற்கு இந்தச் சம்பளம்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. மீதிப் பாதிக்கு நான் ரெண்டான் கட்சி.

சம்பளத்தில் அவர் மேல் குற்றமில்லை. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்காக 34 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அந்த ஆண்டு இறுதிப் போட்டித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம், அவர் பிறந்த ஹூஸ்டனிலேயே நடந்தது. 0-2 என்று அணி பின்தங்கியிருந்தபோது, ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்னிலிருந்துதான் ஆட்டம் திரும்பியது. இரண்டு மாதம் கழிவதற்குள் ஏஞ்சல்ஸ் ஏழு வருட ஒப்பந்தத்தை நீட்டியது. யாரும் கழுத்தைப் பிடித்துக் கையெழுத்து வாங்கவில்லை. காயம் பட்டாலும் பணம் வந்துவிடும் என்பதுதான் பேஸ்பால் ஒப்பந்த நடைமுறை. அதன் பிறகு இடுப்பு, மணிக்கட்டு, காலெலும்பு என்று வரிசையாக அடிபட்டது. அதற்கும் அவரைத் திட்ட முடியாது.

2024 பிப்ரவரியில், ‘இது பிழைப்புக்கான வேலை, என் நம்பிக்கையும் குடும்பமும் இதற்கு முன்னால்’ என்று அவர் சொன்னதும் எனக்குப் பிடித்தே இருந்தது. மைக்கைப் பார்த்தால் ‘ரசிகர்களே என் தெய்வம்’ என்று உருகுபவர்களைக் காட்டிலும் இது மேல். சரி, வேலை என்றே வைத்துக்கொள்வோம். அவர் கொடுத்த அளவுகோலாலேயே அவரை அளப்போம்.

2023 ஜூலையில் அவர் அடித்த பந்து அவர் காலிலேயே பட்டது. வெறும் ரத்தக்கட்டு என்றது அணி. வாரங்கள் ஓடின; ஆள் வரவில்லை. நிருபர்கள் கேட்டபோது ஒருமுறை, ஆங்கிலம் தெரியாது என்று ஸ்பானிஷில் சொல்லி நழுவினார். ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர்! செப்டம்பரில்தான் எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார். எந்த வேலையிலாவது இப்படி நடந்துகொண்டால் சும்மா விடுவார்களா?

அதே ஆண்டு மார்ச் 30, ஓக்லாந்தில் பருவத்தின் முதல் ஆட்டம். தோற்றுவிட்டு உள்ளே போகும் வழியில், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். என்னைத் திட்டினாய் என்கிறார் இவர். இல்லை என்கிறார் அவர். ரெண்டான் கையையும் ஓங்கிவிட்டார், நல்லவேளை படவில்லை. ஐந்து ஆட்டத் தடை விதித்துப் பிறகு நான்காகக் குறைத்தார்கள். கவுண்ட்டரில் உட்காரும் ஊழியர் வாடிக்கையாளரிடம் இதைச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் ‘ஆட்டத்தின் மேல் அன்பில்லை’ என்பதையும் ‘ரசிகரை மதிக்கவில்லை’ என்பதையும் நீங்கள் ஒன்றாகக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாஸ்டன் அணியின் பழைய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் சொந்த மைதானத்திலேயே கூட்டத்தைப் பார்த்துத் துப்பி, 5,000 டாலர் அபராதம் வாங்கியவர். 1960-இல் தன் கடைசி வாய்ப்பில் ஹோம் ரன் அடித்தார். அரங்கமே எழுந்து கத்தியது, தொப்பியைத் தொடக்கூட இல்லை. ஆனால் ஆட்டத்திடம் அவர் எப்படி இருந்தார்? 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவர் பேட்டிங் சராசரி (வாய்ப்புகளில் எத்தனை பங்கு அடித்தார் என்ற கணக்கு) .39955. ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் அது முழுமையாக்கப்பட்டு, அபூர்வமான .400 என்றே பதிவாகும். அவரோ அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டு வாய்ப்பில் ஆறு அடித்து, .406-இல் முடித்தார். உங்கள் பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

ஆக, ஆட்டத்தை வெறித்தனமாக நேசிப்பவரும் ரசிகரைக் கேவலமாக நடத்தலாம். ஆட்டம் வெறும் சம்பளம் என்பவரும் மரியாதையாக நடந்துகொள்ளலாம். ரெண்டானிடம் நான் கேட்பது இரண்டாவதை மட்டுமே. அன்பை யாரும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியாது.

இன்னொன்று. பருவம் ரொம்ப நீளம், ஆட்டங்களைக் குறைக்க வேண்டும் என்றும் ஒரு பாட்காஸ்ட்டில் சொன்னார். 162 ஆட்டம் அதிகம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் 2020 முதல் 2024 வரை அணியின் 708 ஆட்டங்களில் 257-இல் மட்டும் ஆடியவர் அதைச் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? (2025-இல் அறுவை சிகிச்சையால் ஒன்றுகூட ஆடவில்லை.)

கோபம் மிச்சமிருந்தால் உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோ பக்கம் திருப்புங்கள். ட்ரவுட், ஓட்டானி என்ற இரண்டு பெரிய நட்சத்திரங்களும் ஒன்றாக இருந்த ஆறு பருவங்களில் ஒருமுறைகூட பிளேஆஃப் (பருவ முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் சுற்று) பார்க்காத அணி அது. அதற்கெல்லாம் ரெண்டானின் காலெலும்பா காரணம்?