வைஃபை கிடைக்கிறது, பக்கம்தான் வரவில்லை: போனை மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். வாரம் இரண்டு முறை ரயிலில் போய்வருகிறேன். ஜங்ஷனில் இலவச வைஃபையைத் தொட்டால் 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மொபைல் எண் கேட்கும் பக்கம் உடனே வருகிறது. எனக்கு வருவதே இல்லை. செல்போன் கடைக்காரர், 'வைஃபை ஐசி போயிருக்கும், அதைப் பார்க்கிற செலவுக்குப் புதுசே வாங்கிடுங்க சார்' என்கிறார். ஆண்ட்ராய்டு போன், வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது.

பதில்: வாங்காதீர்கள் சார். வீட்டு வைஃபையில் இதே போன் ஓடுகிறதா? ஓடினால் ஐசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரருக்கு விற்பனை ஆக வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் தானாக வந்து நிற்பதில்லை. நீங்கள் வேறெங்கோ போகக் கிளம்பும்போது வைஃபை பெட்டி நடுவில் மறித்துக் காட்டுவது அது. அந்தக் காலத்தில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் மறிக்க முடிந்தது. இப்போது கூகுள், வங்கி, செய்தித்தாள் எல்லாமே எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப் போட்ட இணைப்பு. வங்கியின் பெயரில் வேறொருவர் பதில் சொன்னால் போன் கண்டுபிடித்துவிடும். 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரித்து நின்றுவிடும். திருடன் மறித்தாலும் சரி, ரயில் நிலைய வைஃபை மறித்தாலும் சரி, போனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்காகவே போன் நிறுவனங்கள் ஒரு வழி வைத்திருக்கின்றன. வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். அங்கிருந்து வர வேண்டியது 204 என்ற எண் தாங்கிய வெற்றுப் பதில். ஐபோன் ஆப்பிளின் முகவரியைத் தட்டி 'சக்சஸ்' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்பார்க்கும். வேறு ஏதாவது வந்தால், நடுவில் ஆள் இருக்கிறார் என்று புரிந்துகொண்டு 'நெட்வொர்க்கில் உள்நுழையவும்' என்ற அறிவிப்பைக் காட்டும். அந்த அறிவிப்பைத்தான் நாம் வாட்ஸ்அப் குவியலோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறோம்.

சரி, அடுத்த முறை ஜங்ஷனில் முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் நீங்கள் எதைத் திறந்தாலும் ரயில் நிலையப் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. டேட்டாவை மட்டும் அணையுங்கள், ஏரோபிளேன் மோடு போட்டுவிடாதீர்கள். ஓடிபி குறுஞ்செய்தியாக வர வேண்டுமே! அதற்கு டேட்டா தேவையில்லை, சிக்னல் போதும்.

பிறகு வைஃபை பட்டியலில் அந்த நெட்வொர்க்கின் பெயரை மறுபடி தொடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே பக்கம் வந்துவிடும். வராவிட்டால் குரோமைத் திறந்து, மேலே எச்டிடிபி என்று போட்டு (கடைசியில் எஸ் கூடாது), முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, அப்புறம் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் அடியுங்கள். பூட்டு இல்லாமல் வேண்டுமென்றே திறந்துவைத்திருக்கும் தளம் அது. இந்த வேலைக்காகவே நடத்துகிறார்கள். பெட்டி அதைச் சுலபமாக மறித்துத் தன் பக்கத்தைக் காட்டும்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஒரு கேள்வி. போனில் விளம்பரம் வராமல் இருக்க மகனோ பேரனோ ஏதாவது போட்டுக்கொடுத்தார்களா? என் அக்கா போனில் இதுதான் நடந்தது. அமைப்புகளில் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று தேடினால், அங்கே ஒரு விளம்பரத் தடுப்புச் சேவையின் முகவரி உட்கார்ந்திருந்தது. டிஎன்எஸ் என்பது இணையதளத்தின் பெயரைச் சொன்னால் வழி காட்டும் சேவை. முகவரி போட்டிருந்தால் போன் அந்தச் சேவையை மட்டும்தான் வழி கேட்கும். உள்நுழையும்வரை பெட்டி வெளியே விடாது. வெளியே போகாமல் வழி தெரியாது. இப்படியே முட்டிக்கொண்டு நிற்கும். அதை 'தானியங்கு' என்று மாற்றினோம், பக்கம் வந்தது. உள்ளே நுழைந்ததும் பழைய முகவரியைத் திருப்பிப் போட்டுக்கொடுத்தேன், இல்லாவிட்டால் விளம்பரம் வருகிறது என்று எனக்குத்தான் போன் வரும். விபிஎன் (இணைப்பை மறைத்து வேறு வழியாக அனுப்பும் செயலி) வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு நிமிடம் அணைத்து, உள்ளே போனதும் மீண்டும் போடுங்கள்.

ரயில் நிலையங்களில் ரயில்டெல் நிறுவனம் தரும் ரயில்வயர் வைஃபையில் தினமும் முதல் 30 நிமிடம் இலவசம், அதற்கு மேல் காசு கட்டித் திட்டம் வாங்கலாம். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அந்த அரை மணி போதும். இதற்காகப் புதுப் போன் வேண்டாம்.

கேள்வி: மலைப்பிரதேச விடுதியில் வைஃபைக்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். போனில் ஓடியது. லேப்டாப்பில் திரும்பவும் பணம் கேட்கிறது. மறுநாள் போனிலும் கேட்டது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: எனக்கும் ஒரு விடுதியில் ஆனதுதான். வரவேற்பில் சண்டை போட்டுவிட்டு, பிறகு பார்த்தால் பாதித் தப்பு என் போனில்.

அந்தப் பெட்டிக்கு உங்கள் பெயர் தெரியாது. போனின் மேக் முகவரியை, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண்ணைத்தான் குறித்துவைத்துக்கொள்கிறது. லேப்டாப்புக்கு வேறு முகவரி, எனவே அது புது ஆள். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) தொடங்கி போன்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல் பொய் முகவரி காட்டுகின்றன. நம்மைப் பின்தொடராமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இடையில் அந்த முகவரி மாறிவிட்டால், நேற்றுக் காசு கட்டியவர் நீங்கள் என்று பெட்டிக்குத் தெரியாது. தங்கியிருக்கும் நாட்களுக்கு, அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும், ஆண்ட்ராய்டில் 'சாதனத்தின் மேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'தனிப்பட்ட வைஃபை முகவரி'யை அணையுங்கள்.

காசு கொடுக்கும் முன் எத்தனை கருவி, 24 மணி நேரமா அல்லது நள்ளிரவு வரையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். என் வழக்கம், அறைக்குள் பக்கம் வருகிறதா என்று பார்த்த பிறகே பணம். இரண்டு கருவி என்று சொல்லி ஒன்றுக்குத்தான் கொடுத்தார்கள் என்றால் பில்லில் அந்தத் தொகையைக் கழிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீது கையில் இருக்கட்டும்.

கேள்வி: அடிக்கடி வெளியூர் விடுதிகளில் தங்குகிறேன். டிவியில் செருகும் ஸ்டிக்கில் இந்த உள்நுழைவுப் பக்கமே வருவதில்லை. டிராவல் ரூட்டர் (கையோடு கொண்டுபோகும் குட்டி வைஃபை பெட்டி) வாங்கலாமா?

பதில்: மாதத்தில் ஏழெட்டு இரவு வெளியே என்றால் வாங்கலாம். ரூட்டரை விடுதி வைஃபையில் சேர்த்து, போன் வழியாக ஒருமுறை உள்நுழைந்தால் போதும். மற்ற கருவிகள் எல்லாம் ரூட்டரின் பின்னால் ஒளிந்துகொள்ளும், விடுதிப் பெட்டிக்கு ஒரே ஆளாகத் தெரியும். வாங்கும்போது ரூட்டரில் 'ஹாட்ஸ்பாட்' அல்லது 'விஸ்ப்' மோடு (விடுதி வைஃபையை வாங்கித் தன் வைஃபையாகத் தருவது) இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் விண்டோஸ் 10 அல்லது 11 லேப்டாப் கூடவே வருகிறது என்றால், அதில் உள்நுழைந்துவிட்டு 'மொபைல் ஹாட்ஸ்பாட்' போட்டுப் பாருங்கள். டிவி ஸ்டிக்குக்கு அதுவே போதும், காசு மிச்சம்.