பத்தாவது லெவலில் கடை போட்டுவிட்ட தம்பி

கேள்வி: அக்கா, தாமுவேயில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டிக் கதைக்குள் போகிற ஆட்டம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிற ஆள். விளையாடுகிற ஐந்து பேரும் சொந்தக்காரப் பிள்ளைகள். என் சித்தப்பா மகனுடைய பாத்திரம் ஆர்டிஃபிசர், அதாவது மந்திரப் பொருள் செய்கிற கைவினைஞன். பத்தாவது லெவலுக்கு வந்ததிலிருந்து ஊரைவிட்டு நகரமாட்டேன் என்கிறான். நூறு தங்கக் காசு செலவில் வற்றாத நீர்க்குடம் செய்து நானூறுக்கு விற்கிறான், வாரத்துக்கு இரண்டு குடம். கேட்டால், "புத்தகத்தில் இருக்கிறது அண்ணா" என்கிறான். இப்போது அந்த நாட்டு அரசனிடமே அவ்வளவு காசு கிடையாது. மற்ற நாலு பேரும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரசன் வரி போட்டு எல்லாவற்றையும் பிடுங்கட்டுமா, இல்லை அந்தக் காசே செல்லாது என்று அறிவித்துவிடட்டுமா?
— ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: தம்பி, காசு செல்லாது என்று மட்டும் அறிவிக்காதே. 1987 செப்டம்பரில் நம் பர்மா அரசு 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தபோது பெட்டியில் இருந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பார். மாற்றிக்கொள்ள வழியில்லை, ஈடும் கொடுக்கவில்லை. அப்புறம் 45, 90 என்று புது நோட்டு வந்தது. அப்படி ஒன்றைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு, உன் தம்பி உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சேர்த்ததை நீ ஒரே வாக்கியத்தில் அழித்தால் அவன் அடுத்த ஞாயிறு மாடி ஏற மாட்டான், ஏறினாலும் உன்னை நம்பி விளையாட மாட்டான். அரசன் போடும் வரியும் இதே காரியம்தான், கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். நேரில் பேச வேண்டிய பேச்சைக் கதைக்குள் தண்டனையாக வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அவன் சொல்வது புத்தகத்தில் இருக்கிறதுதான், அதை முதலில் ஒத்துக்கொள். 2017-ல் வந்த ஸானத்தார்ஸ் கைட் டு எவ்ரிதிங் என்ற விதிப் புத்தகத்தின் படி, அந்தக் குடம் மாதிரி அன்காமன் வகை (அவ்வளவு எளிதில் கிடைக்காத) மந்திரப் பொருள் ஒன்றைச் செய்ய 200 காசும் இரண்டு வேலை வாரமும் ஆகும். வேலை வாரம் என்றால் ஐந்து நாள். பத்தாவது லெவல் ஆர்டிஃபிசருக்குச் செலவு பாதி, நேரம் கால் பங்கு. ஆக 100 காசு, இரண்டரை நாள். விற்க அடிப்படை விலை 400. இதுவரை கணக்கு சரி. ஆனால் அவன் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டான், நீயும் திறந்து பார்க்கவில்லை.

விற்பதும் ஒரு வேலைதான் என்று அதே புத்தகம் சொல்கிறது. ஒரு பொருளை விற்க ஒரு வேலை வாரம் முழுக்கச் சுற்றி ஆள் தேட வேண்டும், அதற்கு 25 காசு செலவு. அப்புறம் பர்சுவேஷன், அதாவது பேசி இணங்கவைக்கிற திறமைக்கான பகடை உருட்ட வேண்டும். பத்து வரைக்கும் வந்தால் பாதி விலை, பதினொன்று முதல் இருபது வரை முழு விலை, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு விற்பனைக்கும் பத்து சதவீதம் சிக்கல் வர வாய்ப்பு: திருடர் கூட்டத்துக்குச் செய்தி போகலாம், பொருள் போலி என்று எதிரி வதந்தி கிளப்பலாம், வாங்க வந்தவனே பேரம் முடிவதற்குள் கொலையாகலாம். செய்துகொண்டே விற்கவும் முடியாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான். இப்போது நீயே கூட்டிப் பார். ஒரு குடத்துக்கு ஏழரை நாள், நல்ல பகடை விழுந்தால் கையில் நிற்பது 275 காசு. பத்தாவது லெவல் கூட்டம் ஒரு டிராகன் குகைக்குள் போய் வந்தால் இதைவிட எவ்வளவோ அதிகம் கிடைக்கும். வாரம் இரண்டு குடம் விற்றான் என்றால் விற்கிற நேரத்தை நீ எண்ணவே இல்லை என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, உன் பிரச்சினைக்கு வழியே அதில்தான். மந்திரப் பொருள் செய்யக் காசு மட்டும் போதாது. செய்முறை எழுதிய ஓலை வேண்டும், அப்புறம் ஏதாவது ஒரு அரிய மூலப்பொருள் வேண்டும், அதை அடைய ஒரு ஜந்துவோடு மோத வேண்டும். அன்காமன் பொருளுக்கு அந்த ஜந்துவின் சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எவ்வளவு ஆபத்தானது என்ற எண், 4 முதல் 8 வரை. வற்றாத நீர்க்குடத்துக்கு வாட்டர் எலிமெண்டல் என்கிற நீர்ப் பூதம் என்று வை, அதன் ரேட்டிங் 5. பட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆர்டிஃபிசர் ஒரு குடத்துக்கு ஒன்று என்று தனியாகப் போய் அடித்துக்கொண்டிருக்க முடியுமா? கூட வர நாலு பேர் வேண்டும், அவர்கள் பங்கு கேட்பார்கள். போனை நோண்டிக்கொண்டிருக்கிற அந்த நாலு பேரும்தான் தம்பி அவர்கள். ஒருத்தன் தனியாக நடத்திய கடை ஐந்து பேர் கூட்டுத் தொழிலாகிறது. பாதிப் பங்கு யாருக்கு, சாகிற அபாயம் யாருக்கு என்று அவர்கள் சண்டை போடுவதைப் பார்க்கவே ஒரு ஞாயிறு போதாது.

விதியில் இந்த ஓட்டை வேட்டை ஒன்றும் புதுசில்லை. இந்த ஆட்டத்தின் மூன்றாம் பதிப்புக் காலத்திலேயே பத்தடி ஏணி 5 செப்புக் காசு, பத்தடிக் கம்பு 2 வெள்ளிக் காசு என்று விலைப் பட்டியலில் இருந்தது. ஏணியை வாங்கிக் குறுக்குக் கட்டைகளைப் பிடுங்கிப்போட்டால் இரண்டு கம்பு, பாதி விலைக்கு விற்றாலும் நாலு மடங்கு. ஐந்தாம் பதிப்பில் ஃபேப்ரிகேட் மந்திரம் தெரிந்து, கொல்லன் கருவியில் தேர்ச்சியும் இருந்தால் 65 ராத்தல் இரும்பு, அதாவது ஆறரைத் தங்கக் காசு சரக்கு, பத்தே நிமிடத்தில் 1500 காசு பிளேட் கவசம் ஆகிவிடும். விதி எழுதுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் பதிப்பில் மந்திரப் பொருள் செய்யச் சந்தை விலையில் பாதி, விற்றால் கிடைப்பதும் பாதி, போதாததற்கு அனுபவப் புள்ளியையும் இழக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2024-ல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடில், அதாவது டிஎம்முக்கான விதிப் புத்தகத்தில், இதை நேராகவே சொல்லிவிட்டார்கள்: இந்த விதிகள் ஒரு பொருளாதாரத்தைக் காட்ட எழுதப்பட்டவை அல்ல, ஓட்டை தேடி எல்லையில்லாப் பணம் சேர்ப்பதை டிஎம் அனுமதிக்கத் தேவையில்லை. அந்தப் பகுதியை உன் தம்பிக்குப் படித்துக் காட்டு, ஆனால் அதை மட்டும் காட்டி வாயை அடைக்காதே. கணக்குப் போடுகிற பிள்ளை ஒரு மேசைக்குப் பெரிய சொத்து.

அவன் கணக்கில் விட்டுப்போனது வாங்குகிற ஆள். பட்டியலில் 400 என்று இருந்தால் யார் வேண்டுமானாலும் 400-ஐ எடுத்து நீட்டுவார்கள் என்று நினைக்கிறான். நம் பர்மாவில் செட்டியார்கள் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? அவர்கள் கேட்டது நிலத்தை அல்ல, வட்டியோடு பணத்தைத்தான். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களிடம் காசு இல்லை, நிலத்தை வாங்கிப் பணம் கொடுக்க ஆளும் இல்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 வாக்கில் ஆறு சதவீதம் நிலம் அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது கால் பங்காகிவிட்டது. பேரேட்டில் பெரிய சொத்துதான், ஆனால் அதைக் காசாக்க முடியவில்லை, விவசாயிகளுக்கு ஆத்திரம், கடைசியில் 1948-ல் நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டமே வந்தது. முதல் குடத்தைப் பணக்காரப் பிரபு வாங்குவார். பத்தாவது குடத்தை யார் வாங்குவார்? நானூறு தங்கக் காசு இருக்கிற வீடு அந்த ஊரில் எத்தனை?

இதைத் தண்டனையாக வைக்காதே, ஆட்டமாக வை. அந்தக் குடம் பெரிய வேகத்தில் விட்டால் ஆறு வினாடிக்கு 30 காலன் கொட்டும், நல்ல தண்ணீரோ உப்புத் தண்ணீரோ சொன்னபடி. இதுவரை விற்றவை ஏதோ ஓர் ஊரில்தானே இருக்கின்றன? அங்கே தண்ணீர் சுமந்து பிழைத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? கிணற்றுக்குச் சொந்தக்காரர் சும்மா இருப்பாரா? மகுவே பக்கம் மாதிரி வறண்ட நாட்டிலிருந்து ஒரு கிராமத் தலைவர் வரட்டும். கையில் காசு இல்லை, ஆனால் அவர் ஊருக்கு மேலே இருக்கிற மலையில் எலிமெண்டல்கள் இறங்குகிற குளம் ஒன்று இருக்கிறது, வழி அவருக்கு மட்டும்தான் தெரியும். இல்லாவிட்டால் ஒரு தளபதி மொத்தமாக இருபது குடம் கேட்கட்டும், நல்ல விலைக்கு. எதற்கு என்று விசாரித்தால் பக்கத்து நாட்டு வயலில் உப்புத் தண்ணீர் விடத்தான். உன் தம்பி விற்பானா மாட்டானா என்று மற்ற நாலு பேரும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அவனோடு தனியாகப் பேசு. ஞாயிறு ஆட்டத்தில் எல்லார் முன்னாலும் வேண்டாம். சனிக்கிழமை ஒரு டீக்கடையில் உட்கார்ந்து நேராகச் சொல்: "உன் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் நீ கடை நடத்துகிற ஒரு மணி நேரம் மற்றவர்களுக்கு வேலையில்லை. விற்பனை விதியை நானும் சரியாகப் பார்க்கவில்லை, இனிமேல் முழுசாக வைத்து விளையாடுவோம். சம்பாதித்தது உன்னுடையதுதான்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. இனிமேல் வாங்குவது விற்பதெல்லாம் வாரநாளில் போனில் மெசேஜ் அனுப்பி முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஐந்து பேருக்கும் உரியது.

அப்புறம் அவனிடம் ஒன்று கேள்: இவ்வளவு காசை வைத்து என்ன வாங்கப் போகிறாய்? பெரும்பாலும் அவன் யோசித்தே இருக்க மாட்டான். கோட்டை வேண்டும் என்றால் 2024 புத்தகத்தில் ஐந்தாவது லெவலிலிருந்தே பாஸ்டியன், அதாவது சொந்தக் கோட்டைக்கான விதிகள் இருக்கின்றன, பட்டறையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் சேர்ந்து கட்டட்டும், இடத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். அந்த இடம் யாருடையது, அவர் என்ன கேட்கிறார் என்பதை மட்டும் நீ இந்த வாரமே எழுதி வைத்துக்கொள்.