லீனாக ஓடும் எஞ்சின்: சென்சரை மாற்றுமுன் ட்ரிம்மைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. என்னுடையது இன்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள யப்பான் கார். சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். ஏறி இறங்குகிறது, காலையில் ஸ்ரார்ட் பண்ணினால் நடுங்குகிறது, மஞ்சள் எஞ்சின் லைற்றும் எரிகிறது. ஸ்கான் பண்ணியபோது பி0171 என்று வந்தது. கராஜில் ஒக்சிசன் சென்சரை மாற்றினார்கள். ஒரு கிழமைக்குள் லைற் திரும்ப வந்துவிட்டது. இப்போது இன்ஜெக்ரரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
வாசகர், சாவகச்சேரி

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள் தம்பி. பி0171 என்றால் எஞ்சினுக்குள் காற்று கூட, பெற்றோல் குறைய, அதைச் சரிக்கட்டிச் சரிக்கட்டி கொம்பியூட்டர் எல்லைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். காற்று கூடிப் பெற்றோல் குறைவதைத்தான் லீன் என்கிறோம். சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை.

ஒரு பங்கு பெற்றோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் மிஞ்சும் ஒக்சிசனைப் பார்த்து சென்சர் தகவல் அனுப்பும். சாதாரண வகை என்றால் 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் மாறி மாறி ஆடும், கீழேயே கிடந்தால் லீன். (பல யப்பான் கார்களில் வேறு வகைச் சென்சர், அதற்கு இந்த வோல்ற் கணக்குப் பொருந்தாது.) லீன் என்று தெரிந்ததும் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். எவ்வளவு கூட்டியது என்பதை ஸ்கானரில் பியூவல் ட்ரிம் என்று நூற்றுவீதத்தில் பார்க்கலாம். பத்துக்குள் நின்றால் பயமில்லை, 25 ஐக் கிட்டும்போது பல கார்களில் லைற் எரியும்.

இதைப் பார்க்க கோட் வாசிக்கும் கருவி மட்டும் போதாது, ஓடும்போதே எண்களைக் காட்டும் ஸ்கானர் வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஐட்லிங்கில் (அக்சிலேற்றரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு 2500 ஆர்.பி.எம்.இல் பிடித்து வைத்துக் குறியுங்கள். ஐட்லிங்கில் 20க்கு மேல் இருந்து 2500இல் நாலு ஐந்துக்கு இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஐட்லிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் அளவெடுக்காமல் நுழையும் காற்று பெரிய பங்கு, ஆர்.பி.எம். கூடும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. நீங்கள் சொல்லும் சிக்னல் ஆட்டமும் காலை நடுக்கமும் இதற்குத்தான் பொருந்துகின்றன. இந்தக் கணக்கு காற்றளவு சென்சர் உள்ள கார்களில் தெளிவாகத் தெரியும். அதற்குப் பதிலாக மனிபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் கார்களில் ட்ரிம் அவ்வளவு ஏறாமல் ஐட்லிங் மட்டும் கூடி நிற்கலாம்.

ஆகவே பொனற்றைத் திறந்து வடிவாகப் பாருங்கள். ஏர் பில்டரில் இருந்து த்ரொட்டில் வரைக்கும் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். எங்கள் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், வீட்டில் நிற்கும் காரில் எலி கடித்தும் வைத்திருக்கும். பிரேக் பூஸ்டர் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் மெல்ல நெரித்துப் பாருங்கள், ட்ரிம் இறங்கினால் கசிவு அந்தப் பக்கம். எஞ்சின் ஒயில் ஆவி போகும் பி.சி.வி. ஹோஸ், இன்ரேக் மனிபோல்ட் கஸ்கெற் இரண்டும் அடுத்த சந்தேகம். புகை விட்டுப் பார்க்கும் கருவி உள்ள கராஜ் என்றால் வேலை சுகம். சூடான எஞ்சினில் பெற்றோலையோ கிளீனரையோ அடித்துப் பார்ப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், தீப்பிடிக்கும்.

மாறாக, ஐட்லிங்கில் நன்றாக இருந்து, ஏசியும் போட்டு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் இழுக்கும்போது ட்ரிம் ஏறினால் கதை வேறு. பெற்றோல் பம்ப் பலவீனமா, பெற்றோல் பில்டர் அடைத்திருக்கிறதா, காற்றளவு சென்சரில் தூசி படிந்து காற்றைக் குறைத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். பெற்றோல் அழுத்தத்தை கேஜ் பூட்டி அளக்கவேண்டும், பல கார்களில் 3 பார் அளவில் இருக்கும், உங்கள் காருக்கு உரியதை சேர்விஸ் புத்தகத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். இந்த வகை லீன்தான் ஆபத்து. முழுப் பாரத்தில் பெற்றோல் போதாமல் ஓடினால் பெற்றோல் கண்டபடி வெடித்து எஞ்சின் தட்டும் நொக்கிங் வந்து பிஸ்ரனே உருகலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எரியாமல் போகும் சிலிண்டர் ஒன்று இருந்தாலும் சென்சர் லீன் என்றே காட்டும், ஏனென்றால் அது பார்ப்பது ஒக்சிசனை, பெற்றோலை அல்ல. சென்சருக்கு முன்னால் எக்ஸோஸ்ற் கசிந்தாலும் வெளிக்காற்று நுழைந்து அதே பொய்யைச் சொல்லும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் இன்ஜெக்ரர் பேச்சு.

கேள்வி: என் பழைய ஒஸ்ரின் ஏ40இல் காபரேற்றர் ஸ்குரூவைத் திருப்பி காற்றும் பெற்றோலும் கலக்கும் மிக்சரைச் சரிபண்ணுவேன். புதிய காரை மட்டும் ஏன் அப்படி ரியூன் பண்ணமுடியாது?
வாசகர், நல்லூர்

பதில்: போர்க்காலத்தில் பெற்றோல் வராமல் தடை இருந்தபோது கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் ஐயா இது. எங்கள் மெக்கானிக்மாரின் காதும் கையும் அப்படிப் பழகியவை, அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் இன்ஜெக்‌ஷனில் அந்த ஸ்குரூவின் வேலையைக் கொம்பியூட்டர் ஒவ்வொரு கணமும் செய்துகொண்டே இருக்கிறது. ஹோஸ் கசியும்போது கொம்பியூட்டரின் கணக்கை மாற்றி எழுதியோ பெற்றோல் அழுத்தத்தைக் கூட்டியோ லைற்றை அணைக்கலாம், சிலர் செய்கிறார்கள். ஓட்டை அப்படியே இருக்கும், பின்னொருநாள் யாராவது ஹோஸை மாற்றினால் எஞ்சின் றிச்சாகி (பெற்றோல் கூடி), பெற்றோல் வீணாகி, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் கெடும். முதலில் பழுதைத் திருத்துங்கள், கோட்டையும் பழைய ட்ரிம்மையும் அழியுங்கள், ஊருக்குள்ளும் ஏ9இலும் கொஞ்சம் ஓட்டி ட்ரிம் பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறதா பாருங்கள். வந்தால் ரியூனிங் முடிந்தது.

கேள்வி: 95 பெற்றோல் அடித்தால் லீன் போகுமா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: போகாது. 92, 95 என்பது நொக்கிங்கைத் தாங்கும் அளவு, மிக்சருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தக் காசைச் சேர்த்து ஒரு புது ஹோஸ் வாங்குங்கள்.