75 வெள்ளி பிரேம்ல உங்க கூலி எங்க தங்கச்சி?

சுங்கை சிப்புட்லருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. வீட்டு முன்னாடி ஷெட்டுலதான் பிரேம் அடிக்கிறாங்க. "16க்கு 20 இஞ்ச் கொன்வோ படம், பட்டமளிப்புல எடுத்தது, சுத்தி 3 இஞ்ச் மவுண்ட் போர்டு, அதான் படத்த சுத்தி வைக்கிற அட்டை, பிரேமுக்கு 2 இஞ்ச் அகல கட்டை. 75 வெள்ளி சொன்னேன். கடையில 20 வெள்ளிக்கு ரெடியா தொங்குதேன்னு அந்தம்மா கேட்டதும் 60க்கு எறங்கிட்டேன். வெல சொல்றப்ப வாய் கொழறுது சார். இப்ப ஒரு ஏஜென்ட் அண்ணன் கோயிலுக்கு 40 சாமி படம், இதே சைஸ், ஒண்ணு 50க்கு அடிச்சி குடுங்கறாரு. எடுக்கலாமா?"

வாய் கொழறத்தான் செய்யும். 75ங்கறது எங்கேருந்து வந்துச்சின்னு உங்களுக்கே தெரியாது. டவுன் கடைக்காரரு 80 வாங்குறாரு, நாம அஞ்சு கொறைப்போம், அப்படித்தானே?

இப்ப பேப்பர் எடுங்க. படம் 16க்கு 20தான், ஆனா நாலு பக்கமும் 3 இஞ்ச் மவுண்ட் ஏறினா 22க்கு 26 ஆயிடுது. சுத்தளவு 96 இஞ்ச். முக்கால்வாசி பேரு இதோட நிறுத்திட்டு 8 அடி கட்டைக்கு காசு போட்டுடுவாங்க, அங்கதான் ஓட்டை. மூலைய 45 டிகிரில வெட்டுறப்ப ஒவ்வொரு முனையிலயும் கட்டையோட அகலம் அளவுக்கு கூட போகும், நாலு துண்டு, எட்டு முனை, அதனால அகலத்த எட்டால பெருக்கி சேத்துக்கணும். 2 இஞ்ச் கட்டைக்கு 16 இஞ்ச். மொத்தம் 112, அதாவது 9 அடி 4 இஞ்ச். நீங்க வாங்குறது 10 அடி கட்டை. மிச்சம் 8 இஞ்ச வச்சி என்ன பண்ணப்போறீங்க? முழு கட்டை காசும் இந்த பிரேம்லதான் ஏறணும்.

நீங்க எழுதின பில்லுப்படி கட்டை 28, கண்ணாடி 12, மவுண்ட் போர்டு 18, பின்னாடி பலகை, கொக்கி, டேப்பு எல்லாம் 7. மொத்தம் 65 வெள்ளி. 60க்கு குடுத்தீங்க. அந்தம்மாவுக்கு நீங்களே கையிலருந்து 5 வெள்ளி குடுத்து படத்தையும் மாட்டி அனுப்பிருக்கீங்க!

கூலிய கடைசில மிச்சம் இருந்தா எடுத்துக்கலாம்னு விடாதீங்க. அளவெடுத்து, பேசி, வெட்டி, ஒட்டி, கண்ணாடி தொடச்சி முடிக்க 2 மணி நேரம் ஆகுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மலேசியாவுல கொறஞ்சபட்ச சம்பளம் 2025லருந்து மாசம் 1,700 வெள்ளி, மணிக்கு கணக்கு பண்ணா 8 வெள்ளி 72 காசு. அது தொழில் தெரியாத ஆளுக்கு. நீங்க மணிக்கு 15 போடுங்க, 30 ஆச்சு. கரண்டு, பிளேடு, உடையிற கண்ணாடிக்கு ஒரு 10. ஆக 105. இது அசல்தான், லாபம் இன்னும் வரல.

லாபத்துலயும் ஒரு குழி இருக்கு. 25 பெர்சன்ட் லாபம்னு 105 மேல 25 பெர்சன்ட் கூட்டினா 131 வரும். ஆனா விக்கிற வெலையில கால்வாசி உங்களுக்கு நிக்கணும்னா 105ஐ 0.75ஆல வகுக்கணும், 140. வித்தியாசம் 9 வெள்ளி, ஒவ்வொரு பிரேமுக்கும். தொழில் முனைவர் கோர்ஸுன்னு கூப்பிட்டு உக்கார வச்சி லோகோ, பேக்கிங், டிக்டாக்னு நாள் பூரா பேசுறாங்க, சான்றிதழோட போட்டோவும் எடுத்துக்குறாங்க, இந்த ஒரு வகுத்தல சொல்லித்தர ஆளில்ல. என்ன சொல்றது போங்க.

140ன்னு சொல்லிட்டு வாய மூடிக்கங்க. அந்தம்மா 20 வெள்ளி கடைய காட்டுனா சண்ட வேணாம். "அத வாங்கிட்டு வாங்கக்கா, படத்த உள்ள வச்சி ஒழுங்கா மூடி தர்றேன், கூலி 15 வெள்ளி." அந்த ரெடி பிரேம்ல 16க்கு 20 படத்துக்கு மவுண்ட் வைக்க எடமிருக்காதுன்னு அவங்களே பாத்துக்குவாங்க. பட்ஜெட் இல்லன்னா பொருள கொறைங்க, மவுண்ட் 2 இஞ்ச், கட்டை 1 இஞ்ச், அப்ப 8 அடியில முடிஞ்சிடும், மிச்ச ரெண்டு அடியில ஒரு சின்ன பிரேமுக்கு ஆகும். அதே பொருளுக்கு மட்டும் வெலைய எறக்காதீங்க. சொந்தக்காரங்க, பழைய கஸ்டமர், எல்லாருக்கும் இதே கணக்குதான்.

ஆனா ஒண்ணுக்கு மட்டும் இந்த கணக்க போடாதீங்க. தோட்டத்து ஆளுங்க லயத்துல இருந்தப்ப எடுத்த தாத்தா பாட்டி படம், நெகட்டிவ் கிடையாது, மவுண்ட் இல்லாம நேரா கண்ணாடியில அழுத்தி வச்சது, நம்ம ஊரு ஈரத்துல அது கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்கும். "பிரேம் மட்டும் மாத்தி குடும்மா"ன்னு சாதாரணமா குடுப்பாங்க. உரிக்காதீங்க! முகமே கண்ணாடியோட வந்துடும். தண்ணியில ஊற வைன்னு சொல்லுவாங்க, கையால கலர் பூசின படம்னா கலரே ஓடிடும், அது பழைய படம் பழுதுபாக்குறவங்க வேலை. மொதல்ல கண்ணாடியோட சேத்து போட்டோ எடுத்து வைங்க, காப்பி பிரிண்ட் போட்டு அத பிரேம் பண்ணுங்க, பழசு கண்ணாடியோட அப்படியே இருக்கட்டும். வாங்குறப்ப எங்க கிழிஞ்சிருக்கு, எங்க பூஞ்சை புடிச்சிருக்குன்னு ரசீதுல எழுதி கையெழுத்து வாங்குங்க. இதுக்கு வெல பொறுப்ப பாத்துதான், இஞ்ச பாத்து இல்ல. மனசு ஒப்பலன்னா வேணாம்னு திருப்பி குடுங்க, தப்பே இல்ல.

இப்ப அந்த ஏஜென்ட் அண்ணன். இந்த மாதிரி ஆளுங்க எப்படின்னா, கோயில்ல 90 சொல்லுவாங்க, உங்ககிட்ட 50, வண்டியில கண்ணாடி உடைஞ்சா உங்க கணக்கு, பணம் திருவிழா முடிஞ்சி, அப்பறம் கமிட்டி மீட்டிங் முடிஞ்சி, அப்பறம் போன எடுக்க மாட்டாங்க. "வெத்து லெட்டர்ஹெட்ல சாப் குத்தி ரெண்டு குடும்மா"ன்னு கேட்டா உஷார், மூணு பேருகிட்ட வெல கேட்டதா காட்ட மூணு கொட்டேஷனையும் அவரே நிரப்பிக்குவாரு, உங்க பேரு கூடுதல் வெலைக்காரியா நிக்கும். எங்க பாத்தாலும் மூணு கொட்டேஷன் கேக்குறாங்களே, அதுவே இவனுங்களுக்கு சோறு போடுது, நேரா அடிக்கிறவங்ககிட்ட ஒரு போன் போட்டு கேக்க யாருக்கும் நேரமில்ல.

கோயில் தலைவர நீங்களே போயி பாருங்க. சாமி படத்துக்கு 3 இஞ்ச் மவுண்டும் 2 இஞ்ச் கட்டையும் தேவையில்ல, உள்ள ஒரு மெல்லிய பட்டி வச்சி கண்ணாடி படாம பண்ணிட்டு, சின்ன கட்டையில ஒரு சாம்பிள் அடிச்சி, புது கணக்கு போட்டு எடுத்துக்கிட்டு போங்க. 40ம் ஒண்ணா வெட்டுறப்ப நேரம் மிச்சமாகும், அந்த மிச்சத்துல மட்டும் தள்ளுபடி குடுங்க. பாதி பணம் முன்னாடி, அதுலதான் கட்டை வாங்குவீங்க. ஏஜென்ட் அண்ணனே பாதி பணத்தோட வந்து நீங்க போட்ட வெலைக்கு எடுத்தாருன்னா, சரி, அடிச்சி குடுங்க. இன்னும் 50லயே நிக்கிறாருன்னா அவரயே அடிச்சிக்க சொல்லுங்க.